ஆஃப் கிளட்ச்

எங்கள் வீட்டில் அப்பாவுக்கு நைட் ஷிப்ட் வரும் வாரங்களில் பகலில் குக்கர் வைக்க மாட்டார்கள். விசில் சத்தம் கேட்டால் அப்பா எழுந்துவிடுவார். அரிசியை வடிசட்டியில் போட்டு வடிப்பாள் அம்மா. அறை ஜன்னலில் பழைய தினத்தந்தியை ஒட்டி, அதன் மேல் கறுப்புப் போர்வையைத் தொங்கவிட்டிருப்போம். நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. எந்த நேரத்திலும் தெருவில் ஏதோ ஒரு வீட்டில் யாரோ ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். கிரிக்கெட் ஆடுவதற்கு முன் யார் வீட்டில் நைட் ஷிப்ட் என்று விசாரித்துக்கொண்டுதான் ஸ்டம்பை நடுவோம்.

அப்படி ஒரு வாரத்தில், 2005 ஏப்ரலில், மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, நானும் அம்மாவும் ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ ஸ்டார்ட் பண்ணாமல் வாசலிலிருந்து தள்ளிக்கொண்டு போனோம். நான் ஹேண்டில்பாரைப் பிடித்திருந்தேன். அம்மா பின்னாலிருந்து சீட்டைப் பிடித்துத் தள்ளினாள். கேட்டைத் திறக்கும்போது கிறீச்சிடாமலிருக்க முதல் நாளே கீலில் தேங்காய் எண்ணெய் விட்டு வைத்திருந்தாள். எனக்குப் பதினேழு வயது. பிளஸ் டூ பரீட்சை முடிந்து என்ட்ரன்ஸுக்குக் காத்திருந்தேன்.

ஆர்எக்ஸ் 100 வைத்திருந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியும், அதை ரகசியமாக ஸ்டார்ட் பண்ண முடியாது. தெருமுனையில் திரும்பும்போதே இன்னார் வண்டி என்று சொல்லிவிடலாம். அதனால் வட்டத்தின் கடைசித் தெரு தாண்டி, முந்திரிக்காடு ஆரம்பிக்கும் இடம் வரைக்கும், அரை கிலோமீட்டருக்கு மேல் தள்ளினோம். வண்டி ஏறக்குறைய நூறு கிலோ. ஏப்ரல் வெயில். அம்மா நடுவில் ஒருமுறை நின்று, "இதுக்கு நீ சைக்கிள்லயே போயிருக்கலாம்" என்றாள். ஆனால் கையை எடுக்கவில்லை.

*

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1985-ல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவோடு சேர்ந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தது ஆர்எக்ஸ் 100. டூ-ஸ்ட்ரோக், 98 சிசி, 11 குதிரைத்திறன். 1996-ல் தயாரிப்பு நின்றது. எங்களுடையது 1991 மாடல், கறுப்பு. அப்பா அதில்தான் சுரங்கத்துக்கு ஷிப்ட் போய்வந்தார். பிறகு ஹீரோ ஹோண்டா வாங்கியதும் பழைய வண்டி அண்ணன் கைக்கு வந்தது. அவன் அதன் முன் மட்கார்டைக் கழற்றி, பின்னால் பட்டன் டயர் போட்டு, முந்திரிக்காட்டுச் செம்மண்ணில் சிநேகிதர்களோடு சேர்ந்து மேடு பள்ளம் ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்தான். டர்ட் பைக் என்பதை நாங்கள் டிவியில் மட்டும் பார்த்த காலம். அவனைப் பொறுத்தவரை இதுதான் டர்ட் பைக். பிறகு அவன் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். வண்டி வராந்தாவில் நின்றது.

அண்ணனுக்கு அப்பா பைக் ஓட்டக் கற்றுக்கொடுத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஹேண்டில்பாரில் பூ போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, வில்லுடையான்பட்டு முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போய் வந்த பிறகுதான் கிளட்சையே தொடவிட்டார். அடுத்து என் முறை என்று நினைத்தேன். "உனக்கு ஸ்கூட்டி வாங்கித் தர்றேன் பாப்பா" என்றார்.

அதில் குறை சொல்ல எதுவுமில்லை. எங்கள் டவுன்ஷிப்பில் பெண் பிள்ளைகள் சைக்கிளில் எங்கு வேண்டுமானாலும் போவோம். அகலமான ரோடு, இரண்டு பக்கமும் மரம், ஆறு மணிக்கு மேல் ட்யூஷன் முடித்து வந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். அம்மாவே டிவிஎஸ் 50-யில் மெயின் பஜார் போய்வருவாள். ஆனால் ஒன்றை நான் கவனித்திருந்தேன். டிவிஎஸ் 50-க்கும் ஸ்கூட்டிக்கும் இடது கைப்பிடியில் இருப்பது பிரேக். கிளட்ச் கிடையாது. இன்ஜின் வேகமெடுத்ததும் உள்ளே இருக்கும் கட்டைகள் சுழலும் வேகத்தில் தாமாகவே விரிந்து, டிரம்மைப் பிடித்துக்கொள்ளும். எப்போது பிடிக்க வேண்டும் என்பதை வண்டியே முடிவு செய்துவிடும். பெண்களுக்கென்று விளம்பரம் செய்த வண்டிகள் எல்லாவற்றிலும் அந்த ஒரு முடிவு நம் கையில் இல்லை.

இவ்வளவு தெளிவாக அன்று நான் யோசித்திருக்க மாட்டேன். அண்ணன் இடது கையால் செய்த ஏதோ ஒன்றை நான் செய்யக் கூடாது என்கிறார்கள் என்பது மட்டும் உறுத்தியது.

*

கிளட்ச் பற்றிப் படித்தவள் நான். எஞ்சினோடு சுற்றும் தட்டுகள் கொஞ்சம், கியர் பாக்ஸோடு சுற்றும் தட்டுகள் கொஞ்சம். தோசைக்கல் அடுக்கின மாதிரி ஒன்று மாற்றி ஒன்று எண்ணெய்க்குள் கிடக்கும். ஸ்பிரிங் அவற்றை நெருக்கிப் பிடித்திருக்கும். லீவரை இழுத்தால் ஸ்பிரிங்கின் பிடி தளர்ந்து தட்டுகள் விலகும். எஞ்சின் தனி, சக்கரம் தனி. விட்டால் இரண்டும் ஒன்று. படம் போட்டுப் பாகம் குறிப்பேன். ஐந்து மதிப்பெண் வாங்குவேன்.

முதல் நாள் மத்தியானம் முந்திரிக்காட்டில் அந்த வண்டி என்னிடம் நாற்பது தடவையாவது ஆஃப் ஆகியிருக்கும். கிக்கரை உதைப்பேன், ஸ்டார்ட் ஆகும், ஃபர்ஸ்ட் கியர் போடுவேன், லீவரை விடுவேன், "டொக்" என்று ஒரு குலுக்கலோடு செத்துப்போகும். அம்மா நிழலில் முந்திரி மரத்தடியில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள். "இருபத்தாறு" என்பாள். கொஞ்ச நேரம் கழித்து "இருபத்தேழு" என்பாள்.

டூ-ஸ்ட்ரோக்கின் சங்கடம் ஒன்று உண்டு. குறைந்த வேகத்தில் அதற்கு உயிரே இருக்காது. சிலிண்டருக்குள் வரும் புதுக் காற்றும் பெட்ரோலும், எரிந்த புகையைத் தள்ளிவிட்டு உட்கார வேண்டும். மெதுவாகச் சுற்றும்போது அது சரியாக நடக்காது; புதுசும் கொஞ்சம் புகையோடு சைலன்சருக்குள் ஓடிவிடும். ஒரு குறிப்பிட்ட வேகம் வந்ததும், சைலன்சருக்குள் போன அழுத்த அலை திரும்பி வந்து, தப்பி ஓடினதைச் சரியான நேரத்தில் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும். அந்த இடத்தில் எஞ்சின் திடீரென்று ஆளே மாறிவிடும். சத்தமும் மாறும். அதுவரை சோம்பேறி, அதற்கு மேல் பேய்.

ஆகவே ஆக்சிலேட்டரைக் குறைத்து வைத்தால் செத்துப்போகும், முறுக்கினால் எகிறும். இரண்டுக்கும் நடுவில் சமாளிக்க இருப்பது இடது கையின் இரண்டு விரல் மட்டும்தான். அண்ணனின் சிநேகிதர்கள் மண்மேட்டில் ஏறும்போது கிளட்சை விட்டு விட்டுப் பிடித்ததை நான் வெறும் ஸ்டைல் என்று நினைத்திருந்தேன். எஞ்சின் அந்த நல்ல வேகத்திலிருந்து இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான் அப்படிச் செய்தார்கள் என்பது பின்னால்தான் புரிந்தது.

மூன்றாம் நாள் எரிச்சலில் நன்றாக முறுக்கிவிட்டு லீவரை ஒரேயடியாக விட்டேன். முன் சக்கரம் தூக்கியது. வானம் தெரிந்தது. அடுத்து செம்மண். வண்டி வலது பக்கமாகச் சாய்ந்து, சைலன்சர் என் கெண்டைக்காலில் படுத்துக்கொண்டது. அம்மா ஓடி வந்து வண்டியைத் தூக்கினாள். தனியாக. நூறு கிலோவை அவள் எப்படித் தூக்கினாள் என்று இன்றுவரை இரண்டு பேருக்கும் தெரியாது.

*

சாயங்காலம் அப்பா எழுந்து தண்ணீர் குடிக்க வந்தார். நான் பாவாடையைக் கணுக்கால் வரை இழுத்துவிட்டுக்கொண்டு பிசிக்ஸ் புத்தகத்தை விரித்து வைத்திருந்தேன். டம்ளரை வைத்துவிட்டு, "பர்னால் வாசன வருது" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. வராந்தாவுக்குப் போனார். வண்டியின் கிளட்ச் லீவரை இரண்டு தடவை அழுத்திப் பார்க்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து அம்மாவிடம், "கிளட்ச் ஒயர் தளந்துருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

மறுநாள் காலை ஷிப்ட் முடிந்து வந்தவர் படுக்கவில்லை. கையில் ஸ்பேனர். ஒயரை டைட் பண்ணினார். லீவர் நுனியில் கொஞ்சம் ஆட்டம் இருக்க வேண்டும் என்று காட்டினார். "வா" என்றார். அம்மாவையும் பார்த்து, "நீயும்தான், எண்ணிக்கிட்டு வரணும்ல" என்றார். அப்போதுதான் அவருக்கு எல்லாம் தெரியும் என்று எங்களுக்குத் தெரிந்தது. மூன்று நாளும் அவர் தூங்கினாரா என்பது தெரியவில்லை.

அப்பா வேலை பார்த்தது சுரங்கத்தில், கன்வேயர் பகுதியில். நெய்வேலியில் நிலக்கரி எடுப்பதென்பது பெரும்பாலும் மண் எடுப்பதுதான். 1957-ல் நேரு வந்து வேலையைத் தொடங்கிவைத்தார். மேல் மண்ணையெல்லாம் வெட்டி நிலக்கரியைக் கண்ணால் பார்க்க 1961 ஆகிவிட்டது. ஒரு பங்கு நிலக்கரிக்கு ஐந்து பங்குக்கு மேல் மண்ணை அள்ள வேண்டும். ஜெர்மன் எந்திரங்களின் ராட்சதச் சக்கரம் மண்ணைச் சீவிப் போடும். அதில் இருக்கும் பக்கெட் ஒவ்வொன்றும் 350, 700, 1400 லிட்டர் என்று எந்திரத்துக்கேற்ப அள்ளும். அத்தனையையும் கிலோமீட்டர் கணக்கில் சுமந்து போவது பெல்ட். அந்த பெல்ட்தான் அப்பாவின் உலகம்.

"ஓடுற பெல்ட்ட ஓட்டுறது ஒண்ணுமில்ல" என்றார். "மண்ணோட நிக்கிற பெல்ட்ட ஸ்டார்ட் பண்றதுதான் வேல. மோட்டார் சுத்தணும்னு நிக்கும். பெல்ட் நகர மாட்டேன்னு நிக்கும். ரெண்டையும் ஒரே அடியா கட்டிவுட்டா அறுந்துடும். கொஞ்சம் வழுக்க உட்டு, கொஞ்சம் புடிக்க உட்டு, அது நகர ஆரம்பிச்ச பெறகுதான் முழுசா குடுக்கணும். நீ அத வழுக்கவே உட மாட்டேங்குற. புடிச்சா புடி, உட்டா உடுன்னு இருக்க."

வழுக்குவது தப்பு என்றுதான் நான் நினைத்திருந்தேன். தட்டும் தட்டும் உரசினால் தேயும், அதனால் சீக்கிரம் விட்டுவிட வேண்டும் என்று. கிளட்ச் என்கிற பாகமே வழுக்குவதற்காகத்தான் இருக்கிறது என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

அவர் கொடுத்த பயிற்சி இரண்டே இரண்டு. முதலாவது, கண்ணை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். ஆக்சிலேட்டர் ஒரு நூல். லீவரை மெதுவாக, மெதுவாக விட வேண்டும். எங்கேயோ ஓரிடத்தில் சத்தம் லேசாகக் கனக்கும், வண்டியின் பின்பக்கம் மாடு எழுந்திருக்கப் போகிற மாதிரி ஒரு அசைவு காட்டும். அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் விடக் கூடாது, உள்ளேயும் இழுக்கக் கூடாது. "அதான் ஆஃப் கிளட்ச். அங்க குடியிருக்கக் கத்துக்க" என்றார். நூறு தடவை. வண்டி ஓரடிகூட நகரவில்லை.

இரண்டாவது, அவரோடு கூடவே நடக்கிற வேகத்தில் வண்டி வர வேண்டும். அவர் நின்றால் கால் ஊன்றாமல் நிற்கப் பார்க்க வேண்டும். யார் மெதுவாகப் போகிறார்களோ அவர்களுக்குத்தான் ஜெயம். அவர் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு செம்மண்ணில் நடந்தார். நான் பக்கத்தில் ஆர்எக்ஸில் ஊர்ந்தேன். அவர் என் கையைப் பார்க்கவே இல்லை. முழுக்கக் காதுதான். "எறங்குது, உள்ள இழு... ம், இப்ப உடு... உடாத, உடாத." எத்தனையோ ரோலர்கள் ஓடுகிற இரைச்சலில் பேரிங் போன ஒரு ரோலரைக் காதாலேயே கண்டுபிடிக்கிறவர். சத்தம் ஒரே மாதிரி இருக்கும்படி இடது கையை வைத்துக்கொள்வதுதான் விஷயம் என்பது மூன்றாம் சுற்றில் எனக்குப் பிடிபட்டது. அதன் பிறகு நான் கையைப் பற்றி யோசிக்கவில்லை. கை அதுபாட்டுக்கு வேலை செய்தது.

வண்டி நகர்கிறது, நான் அணைக்கவில்லை, அப்பா பக்கத்தில் நடக்கிறார். பின்னால் அம்மா எண்ணுவதை நிறுத்திவிட்டிருந்தாள்.

*

இந்தக் கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்று திரும்பி வரும் வழியில் நான் சொன்னேன்: "ப்பா, கவுன்சிலிங்ல நான் மெக்கானிக்கல் எடுக்கப் போறேன்."

அவர் கொஞ்ச தூரம் பேசாமல் வண்டியைத் தள்ளினார். பிறகு, "வேணாம்மா" என்றார்.

நான் அழுதேன். சண்டை போட்டேன். கிளட்ச் மட்டும் கற்றுத்தந்தீர்களே என்று கத்தினேன். அம்மா இந்த முறை என் பக்கம் வரவில்லை. அவர் சொன்ன காரணம் ஒன்றே ஒன்றுதான். "படிச்சுட்டு எங்க வேலைக்குப் போவ? சுரங்கத்துல பொம்பளப் புள்ளைங்கள ஷிப்ட்ல போட மாட்டாங்க. சட்டமே கெடையாது."

சாக்கு சொல்கிறார் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒருநாள்தான் தேடிப் படித்தேன். 1952-ஆம் வருஷத்துச் சுரங்கச் சட்டம், 46-ஆம் பிரிவு. நிலத்தடிச் சுரங்கத்தில் பெண்கள் வேலை செய்யக் கூடாது. திறந்தவெளிச் சுரங்கமானால் காலை 6 மணியிலிருந்து மாலை 7 மணி வரை மட்டும். மூன்று ஷிப்ட் சுழலும் இடத்தில், இரவு ஷிப்டுக்கு வர முடியாத ஒருத்திக்குக் கன்வேயரில் என்ன இடம் இருக்கும்? அப்பா சொன்னது அப்படியே உண்மை. அந்தச் சட்டத்தை அவர் எழுதவில்லை. ஆனால் அதை எதிர்த்துப் பேசலாம் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை. இது இரண்டும் சேர்ந்துதான் என் அப்பா.

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தேன். ஓஎம்ஆரில் வேலை. வேடிக்கை என்னவென்றால், வேலையில் சேர்ந்த முதல் நாலு வருஷம் நான் செய்தது நைட் ஷிப்ட்தான். அமெரிக்காக்காரன் விழித்திருக்கும் நேரம். ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறு. என் அறை ஜன்னலில் நானும் பேப்பர் ஒட்டினேன். கூட இருந்த பெண்கள் குக்கர் வைத்தபோது கத்தினேன். ஊருக்குப் போனால் நானும் அப்பாவும் ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் வராந்தாவில் உட்கார்ந்து டீ குடிப்போம். பெரிதாகப் பேசிக்கொள்ள மாட்டோம். இரண்டு பேருக்கும் ஒரே வியாதி.

2019 பிப்ரவரியில் ஒரு செய்தி வந்தது. அந்தச் சட்டத்தில் விலக்கு அளித்து மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டிருந்தது. எழுத்தில் சம்மதம் கொடுத்தால் பெண்கள் திறந்தவெளிச் சுரங்கத்தில் இரவிலும் வேலை செய்யலாம், ஒரு ஷிப்டில் குறைந்தது மூன்று பெண்களாவது சேர்ந்து இருக்க வேண்டும். அதே வருஷம் பெங்களூரைச் சேர்ந்த ஐஷ்வர்யா பிஸ்ஸே பாஹா ராலி உலகக் கோப்பையின் பெண்கள் பிரிவில் ஜெயித்தார். மண்ணிலும் மணலிலும் பைக் ஓட்டி. முதல் செய்தியை மட்டும் அப்பாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அவர் ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, வடலூர் பக்கம் சொந்த வீட்டில் இருந்தார்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"பதினாலு வருஷம் லேட்டு" என்றார். பிறகு, "நான் அன்னிக்கு இன்னும் கொஞ்சம் வழுக்க உட்டுருக்கலாம்" என்றார்.

இதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. மன்னித்தேன் என்று சொல்லவில்லை. தப்பில்லைப்பா என்றும் சொல்லவில்லை. "சாப்டீங்களா?" என்று கேட்டேன்.

*

எந்த ஊரிலிருந்து மண்ணையும் மின்சாரத்தையும் எடுத்தார்களோ அந்த ஊரும் மாறிக்கொண்டிருக்கிறது. சோவியத் உதவியோடு கட்டி, 1962-ல் ஓட ஆரம்பித்த முதல் அனல்மின் நிலையம் 2020-ல் நின்றுவிட்டது. நாங்கள் வண்டி பழகின இடத்தை இப்போது என்னால் சரியாக அடையாளம் காட்ட முடியாது. புதிதாக வரும் ஸ்கூட்டர்கள் பேட்டரியில் ஓடுகின்றன. அவற்றில் ஆணுக்கும் கிளட்ச் இல்லை, பெண்ணுக்கும் இல்லை. நல்லதுதான். புகை இல்லை, சத்தம் இல்லை, மத்தியானம் தூங்குகிறவர்களுக்கும் நிம்மதி.

ஆர்எக்ஸ் மட்டும் அப்பாவோடு வடலூருக்குப் போய்விட்டது. காலேஜ் பையன்கள் வாசலில் வந்து நின்று என்ன விலை என்று கேட்கிறார்களாம். அவர்கள் சொல்லும் தொகைக்குப் புது வண்டியே வாங்கலாம் என்கிறாள் அம்மா.

போன பொங்கலுக்குப் போயிருந்தபோது மத்தியானம் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அவளுக்கு அறுபது நெருங்குகிறது. டிவிஎஸ் 50-யை விற்று வெகுநாளாகிவிட்டது.

"அந்த வண்டிய நான் எண்ணத்தான செஞ்சேன்" என்றாள்.

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது சிரிப்பு வரவில்லை. இருபது வருஷமாக நான் எனக்கு மறுக்கப்பட்டதைப் பற்றி மட்டுமே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். மூன்று நாள் மரத்தடியில் உட்கார்ந்து எண்ணினவளை ஒரு தடவைகூட உட்கார்ந்து பார் என்று நானும் சொல்லவில்லை, அப்பாவும் சொல்லவில்லை.

உள்ளே அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். ரிட்டயர் ஆகி இத்தனை வருஷமாகியும் ராத்திரித் தூக்கம் அவருக்குத் திரும்பவில்லை. நான் கிளட்ச் ஒயருக்கு எண்ணெய் விட்டு, லீவர் நுனியில் ஆட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். அம்மா கேட்டின் கீலுக்குத் தேங்காய் எண்ணெய் எடுத்து வந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இந்த முறை ஹேண்டில்பாரை அவள் பிடித்துக்கொண்டாள். நான் பின்னால் போய் சீட்டைப் பிடித்துத் தள்ள ஆரம்பித்தேன்.